பார்க்கிங் இல்லாதவருக்கு மட்டும் ஏன் இந்த விலை?
மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் எரிசக்தித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறைக்கும் வணக்கம்.

பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு விலை கிடையாது. போட் கிளப் பங்களாவிலிருந்து வரும் காருக்கும் புளியந்தோப்புச் சந்திலிருந்து வரும் பழைய பைக்குக்கும் லிட்டர் ஒரே விலைதான். பெட்ரோலைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் இந்த ஒரு நியாயம் அதில் இருந்தது. மின்வண்டிக்கு மாறும்போது அது நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. வண்டி நிறுத்த சொந்த இடமும், அங்கே தன் பெயரில் ஒரு மீட்டரும் உள்ளவருக்கு ஒரு விலை. தெருவோரம் நிறுத்துபவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இருவர் வண்டிக்கும் வருவது ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் மின்சாரம்.

நான் பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். எங்கள் பகுதியில் இதே வண்டி வைத்திருப்பவர்களோடும், வாங்க நினைத்துப் பின்வாங்கியவர்களோடும் பேசிய பிறகே இதை எழுதுகிறேன். பின்வாங்கியவர்கள் பேட்டரி பயத்தையோ வண்டி விலையையோ முதலில் சொல்லவில்லை. "சார்ஜ் எங்க போடுறது?" என்றார்கள். "வெளிய போட்டா என்ன மிச்சம்?" என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்கு அரசு பதில் தேடத் தொடங்கியிருக்கிறது. நிலையங்களின் எண்ணிக்கை கூடுகிறது, டெண்டர் வருகிறது, திறப்பு விழா நடக்கிறது. இரண்டாவது கேள்வியை யாரும் எடுத்துப் பேசுவதாகத் தெரியவில்லை. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டு உபயோகக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவாகும் ஒரு சிறு குடும்பம். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு தலா 2 ரூபாய் 35 காசு. பில் 235 ரூபாய். அந்த வீட்டுத் தம்பி உணவு டெலிவரி வேலைக்காக மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறார். நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டம். யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் கிடைப்பதாக வைத்தால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் தேவை. வீட்டு மீட்டரிலேயே போட முடிந்தால் அது 201 முதல் 400 வரையிலான ஸ்லாபில், யூனிட் 4 ரூபாய் 70 காசுக்கு வரும். பில்லில் கூடுவது 940 ரூபாய். அதே 200 யூனிட்டை வெளியே, யூனிட் 15 ரூபாய் என்ற மிதமான விலைக்கே போட்டாலும் 3,000 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இந்த ஆயிரம் ரூபாயை அரசின் இன்னொரு நல்ல முடிவோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இணையவழி சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. வெயிலிலும் மழையிலும் நம் வீட்டு வாசலுக்குச் சோறு கொண்டுவருபவர்களை அரசு நினைத்துப் பார்த்தது மனதுக்கு நிறைவான செய்தி. ஆனால் அந்த 2,000 பேரில் சொந்த மீட்டரோடு பார்க்கிங் இருப்பவர் எத்தனை பேர் இருக்க முடியும்? இல்லாதவருக்கு, இரண்டு ஆண்டு முடிவதற்குள் 20,000 ரூபாயும் சார்ஜிங் விலை வித்தியாசத்திலேயே கரைந்துவிடும். இந்தக் கையில் கொடுத்ததை அந்தக் கை வாங்கிக்கொண்டது போலாகும்.

காருக்கும் இதே கதைதான், தொகை மட்டும் பெரியது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய மின்காருக்கு இரண்டு மாதத்துக்குச் சுமார் 280 யூனிட் வேண்டும். ஏற்கெனவே 300 யூனிட் எரிக்கும் வீட்டில் இதைச் சேர்த்தால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டி, சலுகை ஸ்லாபை இழந்து, பில் சுமார் 2,000 ரூபாய் கூடும். டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்றாலே 5,600 ரூபாய். நகரத்தில் பல இடங்களில் வரியோடு சேர்த்து 20 ரூபாயைத் தாண்டித்தான் விலை இருக்கிறது. அந்த விலைக்குக் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் ஆகிவிடும். பெட்ரோல் காரை விட்டுவிட்டு வர ஒரு டாக்ஸி ஓட்டுநருக்கு அதில் என்ன ஈர்ப்பு மிஞ்சும்?

யார் இந்தப் பார்க்கிங் இல்லாதவர்கள்? திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு அறையில் மூன்று பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள். மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் ஸ்டோர் வீடுகளில் இருப்பவர்கள். பெரும்பாக்கம், கண்ணகி நகர், எழில் நகர் அரசு அடுக்குமாடிகளில் மேல்மாடியில் வீடும் தரையில் ஆட்டோவும் வைத்திருப்பவர்கள். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் வாசற்படி இறங்கினால் நேராகத் தெருவில் கால் வைப்பவர்கள். வாடகைதாரர்களில் பெரும்பாலோர். ஹவுஸ் ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் வசூலிக்கும் வீடுகளில் ஈபியின் சலுகை ஸ்லாப் வாடகைதாரரின் கைக்கு வருவதேயில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதற்கும் மேலே, "வண்டிக்கு சார்ஜ் போடக் கூடாது" என்ற நிபந்தனை இப்போது வாய்மொழியாகவே வாடகை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. என்னுடைய வீட்டு உரிமையாளர் நல்ல மனிதர். அவரே இரண்டு முறை தயங்கிவிட்டுத்தான் எனக்கு ஒரு சாக்கெட் கொடுத்தார். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன, வண்டிகளும் மேம்பட்டன. ஆனால் வீட்டுக்குள் வரும் வயரிங் மேம்படவில்லை. முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தெருவுக்குத் தொங்குவதை இன்று எந்தப் பழைய குடியிருப்பிலும் பார்க்கலாம். மழை பெய்தால் பிளக்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. எர்த் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பொது சார்ஜரின் விலை கட்டுப்படியாகாதபோது மக்கள் இப்படித்தான் வழி கண்டுபிடிப்பார்கள். மலிவான பொது சார்ஜிங் பர்ஸோடு நிற்கும் விஷயமல்ல, உயிரோடும் சம்பந்தப்பட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

விலை எப்படி இவ்வளவு ஏறுகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. அவற்றில் மிக எளிதாகத் தீர்க்கக்கூடியதும், மிகவும் கோபம் வரவழைப்பதும் ஜி.எஸ்.டி.

வீட்டு மீட்டரில் வரும் மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மின்வண்டி வாங்கினால் 5 சதவீதம். சார்ஜர் கருவி வாங்கினாலும் 5 சதவீதம். 2019 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இரண்டையும் அந்த அளவுக்குக் குறைத்தது. ஆனால் அந்தச் சார்ஜரில் போய் வண்டியைச் செருகினால் 18 சதவீதம். இதன் வேர் 2018 ஏப்ரலில் மத்திய மின் அமைச்சகம் கொடுத்த ஒரு விளக்கத்தில் இருக்கிறது. சார்ஜிங் நிலையம் நடத்துவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. எனவே 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிமம் வேண்டியதில்லை என்றது அந்த விளக்கம். நல்ல நோக்கம். யார் வேண்டுமானாலும் நிலையம் தொடங்க வழி திறந்தது. ஆனால் "சேவை" என்று ஆனதும் சேவைக்கான வரி வந்து உட்கார்ந்துகொண்டது. எதற்கு எவ்வளவு வரி என்ற கேள்விக்கு முன்கூட்டியே விளக்கம் தரும் முன்தீர்ப்பு ஆணையம், கர்நாடகத்தில் 2023இல் 18 சதவீதம்தான் என்று சொல்லிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டது தனியார் நிறுவனம்கூட அல்ல. மைசூருப் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் அரசு மின் பகிர்மான நிறுவனம்.

சட்டப்படி முன்தீர்ப்பு என்பது கேட்டவரையும் அவருக்குரிய வரி அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். நடைமுறையில் நாடு முழுவதும் 18 சதவீதம்தான் பில்லில் ஏறுகிறது. கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள நிறுவனங்களின் கணக்கில் வரி வரவு என்று ஏதாவது வழி இருக்கலாம். தெருவோரம் வண்டி நிறுத்துபவர் இறுதி நுகர்வோர், அவர் கட்டியது கட்டியதுதான். 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பெட்ரோல் பைக்குகளுக்கும் சிறிய பெட்ரோல் கார்களுக்கும் வரியை 28இலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். குறைக்கட்டும், வாங்குபவர்கள் நம் மக்கள்தான். ஆனால் அந்தப் பெரிய மாற்றத்திலும் இந்த 18ஐ யாரும் தொடவில்லை. கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கு ஓர் இருக்கை இருக்கிறது. மாநிலத்தின் நிதியமைச்சர் இதை எழுத்துப்பூர்வமாக எழுப்ப வேண்டும், எரிசக்தித் துறை அதற்கான குறிப்பைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்சாரத்தின் விலைக்கான பங்குக்கு வரி இல்லை, சேவைக் கட்டணத்துக்கு மட்டும் 5 சதவீதம் என்று வைத்தாலே போதும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தூத்துக்குடியிலும் மின்வண்டித் தொழிற்சாலைகளை வைத்திருக்கும் மாநிலம் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

இரண்டாவது காரணம் உங்கள் ஆணையத்தின் கையில் இருக்கிறது: கட்டண வடிவம். பொது சார்ஜிங் நிலையங்களுக்கு, ஓடிய யூனிட்டுக்கு மட்டும் விலை என்ற, நிலைக்கட்டணம் இல்லாத ஒற்றைப் பகுதிக் கட்டணம், அதுவும் சராசரி வழங்கல் செலவுக்கு (ஒரு யூனிட்டை நுகர்வோரிடம் கொண்டுசேர்க்க ஆகும் சராசரி செலவுக்கு) மேல் போகாமல், 2028 மார்ச் 31 வரை இருக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய நேரத்தில் அந்தச் செலவில் 0.7 மடங்கு, மற்ற எல்லா நேரத்திலும் 1.3 மடங்கு என்றும் சொல்கிறது. பகலில் சூரிய மின்சாரம் நிறைந்திருக்கும்போது மலிவாகக் கொடுப்பது சரியான யோசனை. தமிழ்நாட்டுக்கு மிகவும் பொருந்தும் யோசனையும்கூட.

ஆனால் "மற்ற எல்லா நேரமும்" என்று ஒரே கட்டாகக் கட்டியதில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஈபிக்குத் திணறல். வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கித் தரவேண்டிய நேரம். அப்போது விலை கூடுதலாக இருப்பதை ஏற்றுக்கொள்கிறேன். நள்ளிரவுக்கும் அதிகாலைக்கும் இடையில் அப்படி என்ன நெருக்கடி? தெருவோரம் நிறுத்தும் வண்டி நிற்கும் நேரமே அதுதான். அதே இரவில், மாடிவீட்டில் சொந்த மீட்டரில் கார் சார்ஜ் ஆகிறது. வீட்டு இணைப்புக்கு நேர வாரியான விலை கிடையாது. அவருக்கு நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே. கீழே தெருவில் நிற்கும் ஆட்டோவுக்கு மட்டும் 1.3 மடங்கா? இரவு 11 முதல் காலை 5 வரையிலாவது, மெதுவான ஏசி சார்ஜருக்கு சூரிய நேரத்து விலையையே தாருங்கள்.

பகல் விலையிலும் ஒரு குறை. நிலையம் நடத்துபவருக்குப் பகலில் மின்சாரம் மலிவாகக் கிடைத்தாலும், பல செயலிகளில் வாடிக்கையாளருக்குக் காலையும் மாலையும் ஒரே விலைதான் காட்டுகிறது. இது முக்கியம், ஏனென்றால் சூரிய நேரம் நம் ஆட்டோக்காரர்களின் நாளோடு அழகாகப் பொருந்துகிறது. காலையில் பள்ளி சவாரி, ஆபீஸ் சவாரி முடிந்தால் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை ஸ்டாண்டில் வண்டி சும்மாதான் நிற்கும். மூன்று மணிக்குத்தான் மறுபடி பள்ளிக்கூடம். மதிய ஆர்டர் நெரிசல் மூன்று மணிக்கு ஓய்ந்த பிறகு டெலிவரித் தொழிலாளருக்கும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் யூனிட் ஆறேழு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று போர்டு எழுதி வைத்தால், யாரும் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை, அவர்களே வருவார்கள். மலிவு மின்சாரத்தை வாங்கும் நிலையம் அந்த மலிவை வாடிக்கையாளருக்குக் கட்டாயம் கடத்த வேண்டும் என்று மின் இணைப்பு நிபந்தனையிலேயே எழுதுங்கள். சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் பொறுப்பு மாநில அரசுடையது. அதை மெதுவான சார்ஜருக்குத் தனியாக, குறைவாக வையுங்கள்.

இங்கே நிலையம் நடத்துபவர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் வைக்கப் பல லட்சம் முதலீடு, அதற்குத் தகுந்த மின் இணைப்பு, இட வாடகை எல்லாம் உண்டு. நாளின் பெரும்பகுதி சார்ஜர் கன் சும்மா தொங்கினால் ஒவ்வொரு யூனிட்டின் மேலும் அந்தச் செலவு ஏறத்தான் செய்யும். ஃபாஸ்ட் சார்ஜரை வீட்டு விலைக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகிறவர் அந்த வேகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். இரவெல்லாம் நிற்கும் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் அந்த வேகமே தேவையில்லை. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கின் சக்தி போதும். இங்கேதான் மூன்றாவது காரணம் வருகிறது: தேவைப்படுவது ஒன்று, வைக்கப்படுவது வேறு.

3 கிலோவாட் அளவுள்ள சிறிய ஏசி சார்ஜிங் பாயிண்டை, கைபேசியால் இயக்கும்படி, 3,500 ரூபாய் அளவு விலையில் கொண்டுவரலாம் என்று 2021இலேயே மத்திய அரசின் அறிவியல் துறை இந்தியத் தர நிர்ணயத்தோடு திட்டம் வகுத்தது. கேரளத்தில் மின் வாரியமே 2021 அக்டோபரில் கோழிக்கோட்டில் மின்கம்பங்களில் இத்தகைய பாயிண்டுகளைப் பொருத்தி, ஆட்டோக்களையும் ஸ்கூட்டர்களையும் மனதில் வைத்து மாநிலம் முழுக்க விரிவாக்கியது. நம் ஊரில் சார்ஜர் எங்கே இருக்கிறது? மால், நட்சத்திர ஹோட்டல், கார் ஷோரூம், ஓ.எம்.ஆர். ஐடி வளாகம். மாலில் போட்டால் யூனிட் விலையோடு மணிக்கணக்கில் பார்க்கிங் கட்டணமும் சேரும். சார்ஜர் வரைபடத்தை விரித்து, கூவத்துக்கு வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்று உங்கள் அதிகாரிகளைக் குறிக்கச் சொல்லுங்கள்.

நம் நகரங்களில் வீட்டுக்குக் குழாய் இணைப்பு இல்லாதவருக்குத் தெருக்குழாய் வைத்தோம். வீட்டுக்குழாய்க்காரர் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு கொடுத்தால்தான் குடம் நிரப்பலாம் என்று எந்த நகராட்சியும் சொன்னதில்லை. தெரு சார்ஜரையும் அப்படி நினைக்கத் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கையின் சாரம். அதை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு வழியையும் சொல்கிறேன்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மின் இணைப்பு எண் இருக்கிறது. 2022-23இல் ஆதாரை இணைக்கச் சொன்னபோது வரிசையில் நின்று அதையும் இணைத்தோம். எண்ணும் கைபேசியும் ஏற்கெனவே ஈபியின் பதிவேட்டில் இருக்கின்றன. கம்பத்தில் உள்ள பாயிண்டில் வண்டியைச் செருகி, இணைப்பு எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால், ஓடிய யூனிட்டுகள் அந்த வீட்டின் அடுத்த பில்லில் தனி வரியாகச் சேரட்டும். விலையில் 100 யூனிட் இலவசம் எல்லாம் வேண்டாம். 400 யூனிட் வரையிலான ஸ்லாபின் மானியமில்லாத விலை போதும், அதாவது அந்த 2024 பட்டியலின்படி 4 ரூபாய் 80 காசு. அதற்கு மேல் பராமரிப்புக்காக ஒரு சிறு தொகை. மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று உச்சவரம்பு வையுங்கள். ஸ்கூட்டருக்கு 100, ஆட்டோவுக்கு 250 என்பதுபோல. வண்டிப் பதிவு எண்ணை இணைப்பு எண்ணோடு ஒருமுறை இணைத்துவிட்டால் துஷ்பிரயோகம் பெரிய கவலையாக இருக்காது. சப்-மீட்டர் வீட்டில் இருப்பவரும் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித் தன் வண்டியைப் பதிவு செய்ய வழி வேண்டும். இல்லாவிட்டால் ஹவுஸ் ஓனர் தயவுக்கே திரும்பிப் போவோம்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். மின்சாரச் சட்டத்தின் 62(3) பிரிவு, எந்த நுகர்வோருக்கும் முறையற்ற சலுகை காட்டக் கூடாது என்று சொல்லும்போதே, வழங்கும் நேரம், வழங்கலின் தன்மை, நோக்கம் ஆகியவற்றைக் கொண்டு கட்டணத்தை வேறுபடுத்த உங்களுக்கு அதிகாரம் தருகிறது. குறைந்த விலையால் மின் பகிர்மானக் கழகத்துக்கு வரும் இழப்பை 65ஆம் பிரிவின்படி அரசு முன்கூட்டியே மானியமாகக் கொடுக்கலாம். வீடுகளுக்கான 100 யூனிட் இலவசம் அந்த வழியில்தான் நடக்கிறது. சிறிய பிரிவினருக்காகக் கட்டணத்தை நுணுக்கமாகச் செதுக்கிய முன்னுதாரணமும் உண்டு. பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிகளுக்குள், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு 2023இல் யூனிட் 5 ரூபாய் 50 காசு என்று குறைத்தீர்கள். எங்கள் உறவினர் வீட்டில் அன்று எவ்வளவு நிம்மதி என்பதை நேரில் பார்த்தேன். அவ்வளவு கவனமாக ஒரு பிரிவை அடையாளம் காண முடிந்த ஆணையத்தால், தெருவில் வண்டி நிறுத்துபவரையும் அடையாளம் காண முடியும். டெல்லியில் பொது சார்ஜிங்குக்கு ஒழுங்குமுறை ஆணையம் குறைந்தழுத்த இணைப்பில் யூனிட் 4 ரூபாய் 50 காசு என்றே வைத்திருக்கிறது.

"மின்வண்டி வாங்க வசதி உள்ளவருக்கு எதற்குச் சலுகை?" என்ற எதிர்வாதம் வரும். வசதி உள்ளவருக்கு ஏற்கெனவே சலுகை போய்க்கொண்டிருக்கிறது. சொந்த மீட்டரில் கார் சார்ஜ் போடுபவரும் வீட்டு உபயோக ஸ்லாபில்தான் போடுகிறார். அவருடைய முதல் யூனிட்டுகளிலும் அரசின் மானியம் கலந்திருக்கிறது. அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. அதே கை தெருவரைக்கும் நீளட்டும் என்கிறேன்.

தொடங்க ஒரு இடமும் சொல்கிறேன். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் நிலம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தினுடையது. இட வாடகை பேச வேண்டியதில்லை, அசோசியேஷனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அடுக்குகளுக்கு நடுவே ஆட்டோக்கள் இரவில் வரிசையாக நிற்கும் இடங்கள் அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங்குக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் பெரும் பங்கு பாயிண்டுகள், 48,400, இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கானவை. தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் அதிலிருந்து கேட்கும்போது நெடுஞ்சாலைகளை மட்டும் கேட்காமல் இந்தக் குடியிருப்புகளையும் பட்டியலில் வைக்க வேண்டும். பராமரிப்பை அங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களிடமே ஒப்படைக்கலாம். பழுதான பாயிண்ட் இத்தனை மணி நேரத்தில் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். வேலை செய்யாத சார்ஜர் முன்னால் இரவு பத்து மணிக்கு 8 சதவீத பேட்டரியோடு நின்ற அனுபவம் இங்கே பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

இன்னொன்று, சிறியது. செயலிதோறும் ஒரு வாலட், ஒவ்வொரு வாலட்டிலும் குறைந்தபட்சம் நூறோ இருநூறோ முன்பணம் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள். தினக்கூலியில் வாழ்பவரின் பணம் நாலைந்து செயலிகளில் சில்லறையாகச் சிக்கிக் கிடக்கிறது. யு.பி.ஐ.யில் ஓடிய யூனிட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போக வழி இருக்க வேண்டும். யூனிட் விலையை வரியோடு சேர்த்து, தமிழில், சார்ஜரின் மேலேயே எழுதி வைக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு மனு வந்தபோது கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தினீர்கள். தொழிற்துறையினரும் விவசாயச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் வந்து பேசினார்கள். அடுத்த கேட்பில் பொது சார்ஜிங் கட்டணத்தைத் தனிப் பொருளாக எடுங்கள். சென்னைக் கூட்டம் ஒன்றைப் பெரும்பாக்கத்திலோ வியாசர்பாடியிலோ வையுங்கள். பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் வைத்தால் ஆட்டோ ஓட்டுநர்கள் சவாரியை இழக்காமல் வருவார்கள். இந்த மடலை அந்த அடுத்த கேட்புக்கான என் எழுத்துப்பூர்வக் கருத்தாகப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கேட்பு நாளில் என் பில்களோடும், என் தெருவில் உள்ள மற்றவர்களின் பில்களோடும் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு வாடகைதாரர், மின்சார ஸ்கூட்டர் ஓட்டுபவர்